வரப்பின் மேல் ஒரு நீல டிரம்

அலைகடல் நடுவே அறிதுயில் கொண்ட பெருமானே! உப்பைப் படைத்தவன் நீ. அவ்வுப்பால் எரியும் கண்ணைப் படைத்தவனும் நீ. அடியேன் எழுதப் புகும் இச்சிறு பயணத்தில் கண்டது குறையாமலும் காணாதது கூடாமலும் காத்தருள்வாய்.

மாசித் திங்கள், நிறைமதியும் மக நட்சத்திரமும் கூடிய நன்னாள். எங்கள் சைதாப்பேட்டைத் தெருவில் பாசுரம் ஓதும் சிறு கோஷ்டி ஒன்று உண்டு. அன்று அனுமந்தைப் பக்கத்துக் கடற்கரைக்கு உள்ளூர்ப் பெருமாள்கள் பலர் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வர் என்று கேள்விப்பட்டு, ஒரு வேனை வாடகைக்கு அமர்த்திப் பதினொருவர் புறப்பட்டோம். விடியற்காலை நான்கரை மணிக்கு வண்டி கிளம்பியது. திருவான்மியூர் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். அனுமந்தைக்கு முன்னால் வரும் மரக்காணம் ஏறத்தாழ நூற்றிருபது கிலோமீட்டர்.

மாமல்லபுரத்தைக் கடந்ததும் ஓதத் தொடங்கினோம். கோஷ்டியில் இனிய குரல் உடையவர் கனகவல்லி அம்மாள். பள்ளித் தலைமையாசிரியையாய் இருந்து ஓய்வு பெற்றவர். வெண்ணெய் திருடிய கண்ணனை ஆய்ச்சி தாம்புக்கயிற்றால் உரலோடு கட்டிப்போட்ட பாசுரங்களை அவர் எடுத்தார். கட்டுண்டு ஏங்கி அழுத பிள்ளையைப் பாடுமிடத்து அவர் குரல் தழுதழுத்தது. வண்டியில் பலர் கண்ணைத் துடைத்தோம். கடப்பாக்கத்தில் தேநீர் அருந்தினோம். கோப்பை பதினைந்து ரூபாய், இஞ்சி மிகுதி.

ஏழரை மணியளவில் மரக்காணம் நெருங்கியது. சாலையோரம் உப்பளங்கள் விரிந்தன. கண்ணுக்கெட்டிய மட்டும் கட்டம் கட்டமாய்ப் பாத்திகள். அவற்றுள் வானம் துண்டு துண்டாய்க் கிடந்தது. இடையிடையே கீற்று வேய்ந்த உப்புக் குவியல்கள், கூரை மட்டும் எஞ்சிய வீடுகள் போல் நின்றன. மரம் இல்லை, பறவைகளும் அன்று தொலைவில்தான் தெரிந்தன. அழகு என்று சொல்ல அடியேனுக்கு நா எழவில்லை. எல்லாம் வெளுத்து, எதுவும் முளைக்காத நிலம் அது.

"ஃபோட்டோ எடுக்கணும்னா இங்க எடுத்துக்கங்க. வெயில் ஏறிடுச்சின்னா கண்ணு கூசும்," என்று ஓட்டுநர் சேகர் வண்டியை ஓரங்கட்டினார்.

இறங்கினோம். சாலையிலிருந்து இருபதடி தள்ளி, வரப்பின் மேல் இரண்டு கழிகளில் ஒரு கீற்றைச் சாய்த்திருந்தார்கள். அதன் நிழலில் பாதியாய் அறுத்த நீலப் பிளாஸ்டிக் டிரம் ஒன்று. அதற்குள் ஒன்றரை வயது மதிக்கத்தக்க ஆண் குழந்தை, மடித்த சாக்கின் மேல் அமர்ந்து, கூழாங்கல் போட்ட பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தது. இடுப்பில் கறுப்புக் கயிறு, உடம்பெல்லாம் எண்ணெய். எங்களைக் கண்டு அது அழவில்லை; குலுக்கலை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"பெருமாளே! குழந்தையை டிரம்முக்குள்ள போட்டு வெச்சிருக்காங்க!" என்றார் கனகவல்லி அம்மாள்.

"தண்ணி ரொப்புற டிரம்மு," என்றார் பின்னால் வந்த ரகு. அவர் எங்கள் கோஷ்டியின் செயலாளர், நாற்பது வயது. அதற்குள் கைப்பேசியில் படம் பிடிக்கத் தொடங்கியிருந்தார். "அம்மாக்காரி எங்க? பாருங்க மக்களே, இதெல்லாம் இந்தக் காலத்துல நடக்குது."

தொலைவில் நாலைந்து பெண்கள், நீண்ட கழியில் பலகை பொருத்தி உப்பை வாரிக்கொண்டிருந்தனர். அவர்களில் ஒருத்தி நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். கையை உயர்த்தி ஏதோ கத்தினாள். கடற்காற்று சொல்லைக் கொண்டுபோய்விட்டது.

"இங்க வா! உன் புள்ளையா இது?" என்று கனகவல்லி அம்மாள் பள்ளி மைதானத்துக் குரலில் கூப்பிட்டார். மறுமொழிக்குக் காத்திராமல் குனிந்து குழந்தையைத் தூக்கி, நெஞ்சோடு அணைத்து, முதுகைத் தடவி, ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்து வரப்பில் நிற்கவைத்தார். "நடக்கத் தெரிஞ்ச குழந்தை! இதைப் போய் அடைச்சி வெச்சிருக்கா. காலு சூம்பிடாதா?"

குழந்தைக்கு நடக்கத் தெரிந்திருந்தது, அதுதான் விபரீதமாயிற்று. பிஸ்கட்டைப் பிடித்தபடி மூன்றடி வைத்தது. வரப்பு ஒரு முழ அகலம்தான். அடுத்த அடி பாத்திக்குள். குப்புற விழுந்த பிள்ளை, முகமெல்லாம் உப்புநீராய் எழுந்து, கண்ணைக் கசக்கியது. கசக்கிய கையிலும் உப்பு. அப்போது எழுந்த அலறலை அடியேன் இதற்குமுன் கேட்டதில்லை.

தாய் பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஆனால் நேரே வரவில்லை. வரப்பின் மீதே ஓடி, மூலையில் திரும்பி, மறு வரப்பைப் பிடித்து, மீண்டும் திரும்பினாள்.

"அடிப்பாவி! புள்ள துடிக்குது, உப்பு கெட்டுடுமேன்னு சுத்திக்கிட்டு வர்றாளே!" என்றார் கனகவல்லி அம்மாள். "ரகு, நீயாவது எறங்கு!"

ரகு பாத்திக்குள் குதித்தார். இரண்டாம் அடியிலேயே காலிரண்டும் மேலே போக, மல்லாந்து விழுந்தார். எழ முயன்று மறுபடி விழுந்தார். பாத்தியின் அடித்தரை, மிதித்து மிதித்து மெழுகாக்கிய களிமண். அதில் ஓடி வர மனிதரால் ஆகாது. செருப்பு சேற்றில் அமிழ்ந்தது. கைப்பேசி உப்புநீரில் கிடந்தது. பாத்தியில் படிந்திருந்த வெள்ளை உப்பில் கறுஞ்சேறு பரவியது.

வரப்பு வழியே வந்த தாய் அதற்குள் வந்து சேர்ந்தாள். பாதத்தைத் தட்டையாய் ஊன்றி இரண்டே அடி இறங்கி, பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு ஏறினாள். கீற்று நிழலில் ஈரத்துணி சுற்றிய ஒரு பாட்டில் இருந்தது. அதிலிருந்த நன்னீர் முழுதையும் பிள்ளையின் கண்களில் ஊற்றினாள், முந்தானையால் ஒற்றினாள், வாயால் ஊதினாள். வெகுநேரம் கழித்து அலறல் விம்மலாயிற்று. கண் திறந்து அது அவளைப் பார்த்தது. அவள் அப்போதுதான் எங்களைப் பார்த்தாள்.

"எடுக்காதீங்க எடுக்காதீங்கன்னு கத்தினேனேம்மா. காதுல விழலியா?"

அவள் பெயர் மஞ்சுளா. இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. விரல் நுனிகள் எல்லாம் வெடித்திருந்தன.

கனகவல்லி அம்மாள் தளரவில்லை. "பால்வாடியில விடக்கூடாதா?"

"ரெண்டு வயசு ஆவணும்ங்கறாங்க. அதுவுமில்லாம அவங்க தெறக்கறப்போ எங்க வேலையே முடிஞ்சிடும். நாங்க இருட்டுலயே வந்துடுவோம்."

"வீட்டுல யாரும் இல்லையா?"

"இருந்தா இங்க ஏன் தூக்கினு வர்றேன்? அவரு கேரளாவுல போட்டுல மீன் புடிக்கப் போயிட்டாரு. இந்த டிரம்முல வெச்சா ஏறி வரமாட்டான், எனக்கும் தெரியற மாதிரி இருப்பான். எங்காளுங்க எல்லாரும் இப்படித்தான் வளத்தாங்க."

ஆய்ச்சி கட்டிய கயிற்றைப் பாடி அழுதவர்கள் நாங்கள். அந்தக் கயிற்றில் அன்பைக் கண்டோம். இந்த டிரம்மில் அதைக் காண எங்களுக்கு ஏன் இயலாமற்போயிற்று என்று அடியேன் அங்கு நின்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்ல நேரம் இல்லை. அதற்குள் சைக்கிளில் உப்பள மேஸ்திரி வந்துவிட்டார்.

பாத்தியைப் பார்த்தார், சேற்றோடு நின்ற ரகுவைப் பார்த்தார். "யாரு சார் நீங்க, ஷூட்டிங்கா?"

நடந்ததை அடியேன் சொன்னேன். வீடியோ என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"எடுத்தத அழிச்சிடுங்க சார். போன வருசம் பக்கத்து அளத்துல இப்படித்தான் ஒருத்தரு போட்டாரு. ஆபீசருங்க வந்து, குழந்தைங்கள வேலைக்கு வெச்சிருக்கேன்னு கேஸுன்னாங்க."

"ஒன்றரை வயதுப் பிள்ளையையா?" என்றேன்.

"அவங்களுக்கு வயசா முக்கியம் சாமி? அளத்துல புள்ள இருந்திச்சா இல்லியா, அதான் கேள்வி."

ரகு கைப்பேசியை அழுத்தினார், உதறினார், மீண்டும் அழுத்தினார். அது விழித்துக்கொள்ளவில்லை. "போட்டுட்டேனே," என்றார் மெல்ல. "எடுத்தவுடனே நாலு குரூப்புல போட்டுட்டேன். இப்ப எப்படி அழிக்கறது?"

 மேஸ்திரி மஞ்சுளாவிடம் திரும்பினார். "நாளையிலேருந்து புள்ளையத் தூக்கினு வராத."

"எங்கண்ணே விடுவேன்?"

"எனக்குத் தெரியாது. நீ வா. புள்ள வரக்கூடாது. ஒன்னால மத்தவங்க பொழப்பும் போவணுமா?"

அடியேன் அவரிடம் மன்றாடினேன். பிழை எங்களுடையது, இவளுடையதன்று என்றேன். அவர் கோபப்படவில்லை. "தெரியுது சாமி. ஆனா கேஸு ஒங்க மேல வராதே," என்று சொல்லி, டிரம்மைத் தலைகீழாகச் சைக்கிளின் பின்னால் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு போனார்.

ஒன்பது மணிக்கு அனுமந்தைப் பக்கத்துக் கடற்கரையை அடைந்தோம். சுற்றுவட்டார ஊர்ப் பெருமாள்கள் டிராக்டரிலும் தோளிலும் வந்து மணலில் வரிசையாய் நின்றிருந்தனர். மேளமும் வெடியும் கலந்த ஓசை. தீர்த்தவாரி ஆனதும் கூட்டம் அலைக்குள் இறங்கியது. தந்தையர் கைக்குழந்தைகளை அக்குளில் பற்றி, அலை வரும்போது முக்கி எடுத்தனர். பிள்ளைகள் மூச்சுத் திணறி, உப்புநீர் குடித்து, வீறிட்டன. சுற்றி நின்றோர் சிரித்தனர். "இன்னொரு முழுக்கு, இன்னொரு முழுக்கு!" என்றனர். அங்கே எவரும் எவரையும் குறை சொல்லவில்லை. பண்டிகையில் அழும் பிள்ளையின் அழுகை எவர் காதையும் உறுத்துவதில்லை போலும்.

கனகவல்லி அம்மாளின் கைப்பேசி விடாமல் ஒலித்தது. ரகுவின் வீடியோவுக்குக் குழுவில் மறுமொழிகள். அவர் வாசித்துக் காட்டினார்: "இவளெல்லாம் ஒரு தாயா?" "பிடிச்சி உள்ள போடுங்க." "பெத்துக்க மட்டும் தெரியுது." மும்பையிலிருந்து ஒருவர், கடல் கடந்த நாட்டிலிருந்து ஒருவர். ஒருவரும் அந்தக் காற்றில் நின்றவர் அல்லர். அடியேன் நீராடினேன், ஓத வேண்டியதை ஓதினேன், உள்ளம் நனையவில்லை.

திரும்பும் வழியில், உச்சிப்பொழுதுக்கு, ரகுவுக்குச் செருப்பு வாங்க மரக்காணம் கடைத்தெருவில் நின்றோம். தண்ணீர் வாங்க இறங்கிய அடியேன், பக்கத்து இரும்புக் கடையில் மஞ்சுளாவைக் கண்டேன். இடுப்பில் பிள்ளை. கண் இரண்டும் சிவந்திருந்தன, ஆனால் விளையாடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் வயதான முஸ்லிம் பெரியவர். மேசைமேல் பூட்டுகளைப் பரப்பியிருந்தார். அவள் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"சின்னதும்மா அது, பெட்டிக்குப் போடறது. எதுக்கு ஒனக்கு?"

"வீட்டுக் கதவுக்கு பாய். இதுவரைக்கும் கயிறுதான் கட்டினு இருந்தோம்."

"பூட்டு போடற அளவுக்கு உள்ள என்னம்மா வெச்சிருக்க, புதையலா?" என்று அவர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

அடியேன் அருகே சென்று, "நாளைக்கு என்ன செய்வாய் அம்மா?" என்று கேட்டேன்.

"மூணு மணிக்கு எழுந்திரிச்சிப் போவேன் சாமி. தூங்கினு இருப்பான். பால் பாட்டிலப் பக்கத்துல வெச்சிட்டுப் பூட்டிட்டுப் போயிடுவேன். பத்து மணிக்கு வந்துடுவேன்."

"நடுவில் விழித்துக்கொண்டால்?"

"அழுவான்." பூட்டைக் கையில் எடைபார்த்தபடி சொன்னாள்: "எங்க வீடு கடைசி வீடு. யாருக்கும் கேக்காது. எவனும் வந்து வீடியோ எடுக்கமாட்டான்."

அவள் பெரிய பூட்டையே வாங்கினாள். சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.

வண்டிக்குத் திரும்பினேன். கனகவல்லி அம்மாள் சன்னல் வழியே அவளைப் பார்த்துவிட்டிருந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "பார்த்தீங்களா? நாலு பேரு சொன்னதும் திருந்திட்டா. புள்ளையை இடுப்புல வெச்சிக்கிட்டுப் போறா."

அவள் என்ன வாங்கிப் போகிறாள், எதற்கு என்பதை அடியேன் சொன்னேன்.

வண்டி நகர்ந்தது.  உப்பளம் மீண்டும் வந்தபோது கனகவல்லி அம்மாள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது கடந்த பிறகு, முன்னிருக்கையின் கம்பியைப் பற்றிக்கொண்டு, "சேகர், வண்டியைத் திருப்ப முடியுமா?" என்றார்.

"திருப்பலாம்மா. போயி என்னம்மா சொல்லப் போறீங்க?"

அவர் வாயைத் திறந்தார். எங்கள் பதினொருவரில் எவருக்கும் அவருக்கு எடுத்துக் கொடுக்க ஒரு சொல் அகப்படவில்லை. சேகர் வேகத்தைக் குறைத்துச் சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு கியரை மாற்றி, சென்னை நோக்கியே ஓட்டினார்.

இதை வாசிக்கும் அன்பர்கள் எல்லாரும் நலமுறுக. உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் விழிக்கும்போதெல்லாம் அருகில் ஒரு முகம் இருக்குமாறு பெருமான் அருளுக. மரக்காணத்தில் கடைசி வீடு ஒன்றில், இருள் பிரியுமுன் விழித்துக்கொள்ளும் பிள்ளைக்கு, பூட்டிய கதவுக்கு உள்ளே இருக்கவல்லவன் அவன் ஒருவனே. அவன் அங்கு இருப்பானாக.