கோடு விழாத பக்கம்

அச்சகத்தில் அவளுக்குக் கழுகுக்கண் என்று பெயர். முப்பது வருஷமாகப் பிழை திருத்துகிறவள். நானூறு பக்கப் புத்தகத்தில் ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவள் பென்சில் நேரே அங்கே போய் நிற்கும். அப்பேர்ப்பட்டவளுக்கு, ஆண்டவர் முன்னால் அரைமணி உட்கார்ந்தால் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. எவ்வளவு பெரிய தலைகுனிவு, யோசித்துப் பாருங்கள்.

காலை ஆறு மணிக்குத் துணி தேய்க்கும் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு நாற்காலி, சுவரில் மரச் சிலுவை, ஆறரைக்கு அடிக்க வைத்த மணிக்கடிகாரம். வேதத்திலிருந்து ஒரு வசனத்தை மெல்ல மெல்ல மனசுக்குள் சொல்ல வேண்டும். நேற்றைய நாளை அதன் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிறகு சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதில்தான் வம்பே. கண்ணை மூடியதும் தீரப்போகிற சமையல் கேஸ், போன் செய்யாத மகள், பதினேழாம் பக்கத்தில் கோட்டைவிட்ட ஒற்றெழுத்து எல்லாம் வரிசை கட்டி வரும். மனசு ஓடிய ஒவ்வொரு தடவைக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டாள். முதல் நாள் நாற்பத்தொரு கோடு. கோடு போட்டதற்காகவே இன்னும் சில கோடு போட வேண்டியிருந்தது. ஒரே ஒரு நாளாவது கோடு விழாத பக்கம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அதில் பக்தி பாதி, தொழில் வீம்பு பாதி.

கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். "இருபத்தெட்டு வருஷம் ரோட்டையே பார்த்தேன். உன்னால சுவரை அரைமணி பார்க்க முடியலையா?" என்று சீண்டுவார். சீண்டிய கையோடு கதவையும் தட்டுவார். கண்ணாடி எங்கே, மாத்திரை எது. எல்லாம் கண்முன்னால்தான் இருக்கும்.

ஒருநாள் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்த வீடே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் மணி அடிக்கிற வரைக்கும் என்னைக் கூப்பிடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமே பண்ணாதேன்னுதானே வேதத்துல இருக்கு?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "சரி, சரி. கூப்பிடலை" என்றார். சொன்ன சொல் தவறாத மனிதர். அதற்குப் பிறகு கதவு தட்டப்படவே இல்லை.

சபைப் போதகரிடமும் வழி கேட்டாள். "சத்தத்தோட மல்லுக்கட்டாதீங்கம்மா. ஸ்டாப்புல நிக்கிறோம், பஸ் வருது, போகுது. எல்லா பஸ்லயும் ஏறணுமா என்ன? அதை விட்டுட்டு வசனத்துக்குத் திரும்புங்க" என்றார். நல்ல யோசனைதான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நாற்பத்தொன்று இருபதாயிற்று, ஒன்பதாயிற்று, மூன்றாயிற்று.

அன்றைக்கு அவள் உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வெளியே டங்கென்று ஸ்பூன் விழுந்த சத்தம். என்னவென்று கேட்க மனசு எழுந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டு வசனத்துக்குத் திரும்பினாள். அதன்பின் வந்த அமைதி அவள் வாழ்நாளில் கண்டிராதது. கண்ணீர் தன்னால் வழிந்தது. மணி அடித்தபோது பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. அவரிடம் காட்டத்தான் நோட்டும் கையுமாகக் கதவைத் திறந்தாள்.

அவர் சாப்பாட்டு மேஜையடியில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பாதி கலக்கிய தேநீர் மேஜைமேல் ஆறிப்போயிருந்தது. திறந்த கண்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எத்தனை மணிக்கு ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார். "இதுல ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்மா."

"தெரியலை டாக்டர். நான் ஜெபத்துல இருந்தேன்."

உயிர் தங்கியது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. "நீ ஆண்டவர் பாதத்துலதானே இருந்தே, உன் மேல என்ன தப்பு?" என்று அக்கா அவளைத் தேற்றினாள். தலையாட்டிக்கொண்டாள். ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மேஜை கூடத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. ஸ்பூன் கிடந்ததோ அவள் அறைக்கதவின் அடியில். கதவின் கீழ்ப்பக்கம் பெயிண்ட் புதிதாகப் பெயர்ந்திருந்தது. கைதவறி விழுந்த ஸ்பூன் பன்னிரண்டடி நடந்து வராது. வேறு யார் கண்ணிலும் அது படவில்லை.

நாலு மாசம் நாற்காலி பக்கமே அவள் போகவில்லை. வீட்டில் அவரைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், புரட்டிப் படுக்கவைத்தாள். அதே ஸ்பூனை அவர் இடது கையில் கொடுத்து ஒரு ஏற்பாடு செய்தாள். கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. ஒருநாள் விடிகாலையில் படுக்கைத் துணி மாற்றும்போது அடக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"ஏங்க, அன்னைக்கு இந்த ஸ்பூன் தானா கைதவறி விழுந்துச்சா?"

ஒரு தட்டு.

"என்னைக் கூப்பிடத்தான் கதவுல எறிஞ்சீங்களா?"

டங், டங். கேள்வி முடிவதற்கு முன்பே தட்டிவிட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

மணி ஆறாயிற்று. அவர் கையை விடுவித்துக்கொண்டு ஸ்பூனைத் துணி தேய்க்கும் அறைப் பக்கம் நீட்டினார். போ என்று. அவள் அசையவில்லை. மறுபடி நீட்டினார்.

எழுந்து போனாள். கதவைச் சாத்தவில்லை. நாற்காலியைக் கட்டில் தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டாள். வசனம் எதுவும் வாயில் வரவில்லை. நோட்டைப் புரட்டி, அவர் விழுந்த நாளின் வெற்றுப் பக்கத்தை எடுத்து, பென்சிலால் அதில் ஒரு கோடு போட்டாள்.