தலைவெட்டிக் கோயிலுக்குப் போய்வந்த அப்பா

அப்பா எறையூர் சர்க்கரை ஆலையில் கெமிஸ்ட். மாதம் ஒரு சனிக்கிழமை, பெரம்பலூர் வெயிலில் கறுப்பு கோட்டை மாட்டிக்கொண்டு திருச்சி பஸ் ஏறுவார். வக்கீலும் இல்லை, பாதிரியாரும் இல்லை. ஊர் சும்மா விடுமா? அவர் போவது ஃப்ரீமேசன் கூட்டத்துக்கு என்று தெரிந்ததும் எதிர்வீட்டு அம்மா வந்து என் அம்மாவின் காதைக் கடித்தார்.

“அக்கா, அது தலைவெட்டிக் கோயிலு. சேரும்போதே போட்டோ எடுத்து மாட்டிடுவாங்களாம். உள்ள நடக்கறத வெளியில சொன்னா, போட்டோவுல கழுத்துகிட்ட கத்தியால ஒரு கோடு. இங்க வூட்டுல ஆளு சாஞ்சிடுவாராம்.”

அந்தப் பெயர் பழசு. கல்லூரியில் தேடிப் படித்தேன். சீமையில் கல் செதுக்கிக் கட்டடம் எழுப்பியவர்களின் கூட்டத்திலிருந்து வளர்ந்த சங்கம் என்கிறார்கள். இங்கே கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். கூட்டம் நடக்கும்போது கதவுக்கு வெளியே ஒருவர் வாளோடு காவல் நிற்பார். பூட்டிய கதவையும் வாளையும் பார்த்த ஜனங்கள் தலையை வெட்டாமல் விடுவார்களா?

இதை அம்மாவிடம் விளக்கினேன். “நீ படிச்சது தப்பா இருந்தா உங்கப்பா திரும்பி வருவாரா?” என்றாள். என் படிப்பு அதோடு சரி.

அப்பா ஊர் திரும்பி, “இன்னிக்கி அங்க…” என்று வாயைத் திறந்தாலே அம்மா மிக்ஸியைப் போட்டுவிடுவாள், அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும். அப்பாவின் முகம் சுருங்கிப்போகும். பிறகு அவர் பேச்செடுப்பதையே விட்டுவிட்டார். இரண்டு பேரையும் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். மயக்கம் தெளியும்போது முனக ஆரம்பித்தார். வார்டில் இன்னும் நாலு பேர். அம்மா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். நர்ஸ் ஓடிவந்தார்.

“கைய எடுங்கம்மா, மூச்சு முட்டிரும்!”

“பேசினாத்தான் உசுரு போவும்! எல்லாரும் காதப் பொத்திக்குங்க!”

எனக்கு அவமானத்தில் கோபம் வந்தது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். இன்னொரு கையால் தாலியை இறுகப் பிடித்திருந்தாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை. கை விலகியதும் அப்பா சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது: “கரும்புச் சாறு தெளியல, சுண்ணாம்பு பத்தல… இன்னும் கொஞ்சம் போடு…”

மறுநாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தன வருஷமா ஒனக்கு நான் போறது பிடிக்கலன்னுல்ல நெனச்சேன். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன், போனா போவுது. ஒக்காரு, ஒங்கிட்ட மொத்தத்தையும் சொல்லிடறேன்.”

அம்மா கஞ்சி ஆற்றுவதை நிறுத்தினாள்.

“எனக்கு ஒண்ணும் தெரிய வேணாங்க,” என்றாள். “நீங்க இருங்க, போதும்.”