அவள் மகன் வண்டிச் சத்தம்

சாயந்திரம் ஆனால் எங்கள் தெருவில் ஒரு சத்தம் கேட்கும். முதலில் கோயில் முனையில் கடகடவென்று எழும்பும். பிறகு தெரு முழுக்க நிறைந்து ஜன்னல் கம்பி வரைக்கும் அதிரும். அது என் ஓர்ப்படி மகனுடைய வண்டி. ஓர்ப்படி என்றால் என் கொழுந்தன் பெண்டாட்டி. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

அந்தப் பையன் வந்தவாசி சாலையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வாசலில் சாக்கை விரித்து, வண்டியின் சைலன்சரைக் கழற்றிப் போட்டான். பின்பக்க மூடியைத் திறந்து உள்ளே இருந்த குழாயை உருவினான். சத்தத்தை அடக்கி வைப்பது அந்தக் குழாய்தானாம். அதைப் பாதியாக அறுத்து, மீதியில் ஓட்டை ஓட்டையாகப் போட்டு, திரும்ப மாட்டினான். அன்று பிடித்ததுதான் இந்தச் சத்தம்.

எதிர்வீட்டுக்காரர் வந்து, "இன்னாப்பா, தெருவுல மனுசன் இருக்கறதா வேணாவா? பேஜாரா கீது" என்று கத்திவிட்டுப் போனார். நான் வாய் திறக்கவில்லை. எதற்குமே வாய் திறக்கிறவள் இல்லை நான். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காமல் போனதற்குக் காரணமும் வேறு.

சத்தம் கோயில் முனையில் கேட்டதும் சுவருக்கு அந்தப் பக்கம் தோசைக் கல் அடுப்பில் ஏறும். வண்டி வாசலில் நிற்கும்போது சுர் என்று மாவு விழும். குழாயடியில் அவள் இதையே பெருமையாகச் சொல்லுவாள்.

"எம்புள்ள செருப்பு கழட்டறதுக்குள்ள தோசை தட்டுல இருக்கணும்க்கா. ஆறிப்போனா தொடமாட்டான். நல்லவேளை, சத்தம் வெச்சிகினு வர்றான். எனக்கு ஜல்தியா தெரிஞ்சிடுது."

அவளுக்கு மகன் வருவது தெருவுக்கே தெரிகிறது. எனக்கு?

என் மகனுக்கு வந்தவாசியில் இரும்புக் கடையில் வேலை. அவன் வண்டி பூனை மாதிரி. நான் உள்ளே உட்கார்ந்து ராட்டையில் தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருப்பேன். திடீரென்று பின்னால் நிற்பான். அதுவும் அவள் மகன் வந்து சாப்பிட்டு முடித்த பிறகுதான் வருவான்.

"எப்படா வந்த?"

"இப்பதாம்மா."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைப்பேன். கல் காய்வதற்குள் அவனுக்குக் கண் சொருகும். "ஒன்னு போதும்மா. கடையில டீ குடிச்சேன், பசி இல்ல" என்பான். தட்டு நிறையத் தின்றுகொண்டிருந்த பிள்ளை அவன். மாவில்தான் குறை என்று அரிசியை மாற்றிப் பார்த்தேன். பூண்டு வைத்துச் சட்னி அரைத்தேன். அந்த ஒன்றுக்கு மேல் போகவில்லை.

வண்டியில் சத்தம் இல்லாததுதான் குறை என்று என் மனதில் ஊறிப்போனது. அவன் வருவது முன்னாடியே தெரிந்தால் என்னாலும் சுடச்சுடப் போட முடியாதா? அவள் மட்டும்தான் தாயா?

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "உன் வண்டிக்கும் தம்பிய அந்த மாதிரி பண்ணித் தரச் சொல்லு."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னாம்மா, நீயா பேசற? போலீஸ்காரன் புடிப்பான்."

"அவனப் புடிக்கலியே."

"அவனும் ஒரு நாளு மாட்டுவான். எனக்கு வேணாம்மா."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. பேசாமல் இருந்தேன். நான் எப்போதும் பேசாதவள்தான் என்றாலும், எந்த மௌனம் எந்த மாதிரி என்று அவனுக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு எங்கள் வாசலிலும் சாக்கு விரிந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து குழாயை அறுத்தார்கள். தீப்பொறி பறந்தது. ஓர்ப்படி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

"இன்னாக்கா, உங்க புள்ளைக்கும் ஆசை வந்துடுச்சா?"

சிரித்து வைத்துவிட்டு டீ போட உள்ளே போனேன். வண்டியை உதைத்துக் கிளப்பியபோது என் அடுக்களைப் பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. அவள் மகன் வண்டியைவிட ஒரு பிடி அதிகம் என்றுதான் எனக்குப் பட்டது.

மறுநாள் காலை தெருவே திரும்பிப் பார்க்க என் மகன் வேலைக்குக் கிளம்பினான். சாயந்திரம் கல்லைத் துடைத்து அடுப்பில் வைத்து, ராட்டையை நகர்த்தி வாசலோரம் போட்டுக்கொண்டு, காதைக் கோயில் முனையில் வைத்திருந்தேன். அவள் மகன் சத்தம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சுர் என்றது. போகட்டும், இன்னும் கொஞ்ச நேரம், என் சத்தம் வரும் என்று காத்திருந்தேன்.

சத்தம் வரவில்லை. நாற்றம் வந்தது.

தலைமயிர் கருகுகிற நாற்றம். பட்டு நெய்கிற எங்கள் ஆரணியில் இந்த நாற்றம் தெரியாத மூக்கு இல்லை. நூல் அசல் பட்டா என்று பார்க்க ஒரு இழையைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்போம். அசலாக இருந்தால் மயிர் கருகும் வாடை. ஆனால் இது ஒரு இழையின் வாடை இல்லை. மூட்டையே எரிகிற வாடை. அதுவும் ஓர்ப்படி வீட்டுப் பின்கட்டிலிருந்து. அவர்கள் தறியில் முகூர்த்தப் புடவை ஏறியிருந்தது எனக்குத் தெரியும்.

நல்லது கெட்டதுக்குத் தவிர அந்த வீட்டுப் படி ஏறாதவள் நான். அன்றைக்கு முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ. "பட்டு எரியுது! ஐயோ, பட்டு எரியுது!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். தறியில் ஒன்றும் இல்லை. அடுக்களைக்கு ஓடினேன்.

அங்கே இரண்டு தட்டு. ஒன்றில் அவள் மகன். இன்னொன்றில் என் மகன், வாய் நிறையத் தோசையோடு.

கல்லில் இருந்த தோசை கருகியது. பின்கதவு வழியாகப் பார்த்தால், சந்தில் என் மகன் வண்டி நிற்கிறது. சைலன்சர் வாயிலிருந்து புகை சுருள் சுருளாக வருகிறது.

அவள் மகன்தான் முதலில் சிரித்தான். "நான் அப்பவே சொன்னேன் பெரிம்மா, சத்தம் கம்மியாவணும்னா கடையில கண்ணாடிப் பஞ்சு கெடைக்கும், அத வெச்சி அடைக்கலாம்னு. அண்ணன்தான் கேக்கல. வீட்ல கழிச்சிப் போட்ட பட்டு நூலு எவ்ளோ கெடக்குதுன்னு ஒரு பை நெறைய எடுத்தாந்துட்டான். பட்டறையாண்ட நிறுத்தி, உள்ள திணிச்சிகினு வந்தோம்."

"பட்டு கருகும்னு தெரியாதாடா உனுக்கு? பொறந்ததுல இருந்து கொளுத்திப் பாத்துகினு தான கீற?" என்றேன்.

"ஒரு இழைதானம்மா கொளுத்துவோம்" என்றான் என் மகன், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"சத்தத்த எதுக்குடா அடைச்ச?"

ஓர்ப்படிதான் சொன்னாள். "தெனம் ரெண்டு பேரும் பட்டறையாண்டருந்து சேந்துதான வர்றாங்க. இவன் சந்து வழியா வந்துடுவான். பசியோட வர்ற புள்ள, கல்லு சூடா கீது, ரெண்டு ஊத்துவேன். உங்களுக்குத் தெரியாதாக்கா?"

எனக்குத் தெரியாது என்று தெரிந்துகொண்டே கேட்டாள்.

இத்தனை நாளும் நான் வயிறெரிந்த அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயேதான் என் பிள்ளையும் வந்திருக்கிறான். அவள் என் பிள்ளைக்கும் சேர்த்துத் தாயாக இருந்திருக்கிறாள்.

"நீ முட்டியப் புடிச்சிகினு எந்திரிப்ப. அதாம்மா இங்கயே..." என்று என் மகன் இழுத்தான். பாதி நம்பினேன். மீதிக் காரணம் தட்டில் இருந்தது. வேர்க்கடலைச் சட்னி. எனக்குப் பித்தம் என்று நான் அதை அரைப்பதே இல்லை.

"உக்காருங்கக்கா, வந்தது வந்தீங்க, ஒன்னு சாப்புடுங்க" என்றாள். நின்றபடியே தின்றேன். நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அன்றைக்கே அவன் பழைய மாதிரி ஒரு குழாயை வாங்கி மாட்டிக்கொண்டான். வண்டி திரும்பவும் பூனையானது. எனக்கு இனி அவன் சத்தம் தேவையில்லை.

மறுநாள் மத்தியானமே வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி அரைத்து வைத்தேன். பித்தம் வந்தால் வரட்டும். சாயந்திரம் கோயில் முனையில் அவள் மகன் சத்தம் எழும்பியது. கல்லை அடுப்பில் ஏற்றிவிட்டு, தெருவில் இறங்கி, சந்து பிரிகிற இடத்தில் போய் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் வேடிக்கை பார்த்தார். வெட்கமாகத்தான் இருந்தது. முன்னால் இடி, பின்னால் பூனை, இரண்டு வண்டியும் வந்தன.

"டேய், ரெண்டு பேரும் நம்ம வூட்டுக்கு வாங்கடா!"

அந்த இரைச்சலுக்கு மேலே என் குரல் கேட்டது. எனக்கு அவ்வளவு குரல் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

என் அடுக்களையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள், என் மகன் சுவரைப் பார்த்தபடி தின்றான். அவள் மகன்தான் ஊற்ற ஊற்றத் தின்றான். "பெரிம்மா, சட்னில இன்னா போட்டீங்க? எங்கம்மா அரைச்சா இப்படி வராது" என்றான். சுவருக்கு அந்தப் பக்கம் சுர் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்.

"டேய்! வண்டி வந்து எந்நேரம் ஆவுது? தோசை ஆறுதுடா!"

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். நான் கரண்டி நிறைய மாவை எடுத்தேன்.

"உக்காருப்பா. இன்னும் ஒன்னே ஒன்னு."