கலசப்பாக்கத்தில் மழை பெய்யாத மாதம்

எண்பதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைமேல் ஒரு சிறிய ஆய்வு நிலையத்தில் எனக்கு வேலை. சுற்றுவட்டார ஊர்களின் மழை அளவுப் பதிவேடுகள் எங்களிடம் வந்து சேரும். அவற்றைக் கணினியில் ஏற்றுவதென்று மேலிடத்தில் முடிவாகி, நாலு பேர் அணைத்துப் பிடித்து ஒரு கணினியை ஜீப்பிலிருந்து இறக்கினார்கள். அதற்கு ஷெல் எழுதும் பொறுப்பு என்னுடையது. திரையில் ஒரு வரியைத் தட்டி என்டரை அழுத்தினால், அதைப் படித்து வேலையை நடத்துகிற நிரலுக்கு அப்படிப் பெயர்.

எழுதி முடித்த பிறகு ஒரு சின்ன வேலை பாக்கியிருந்தது. கண்ட்ரோல் என்ற விசையை அழுத்திக்கொண்டு இன்னோர் எழுத்தைத் தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பது. யாரும் மாற்றாத வரை நான் வைத்ததே நிலைக்கும். என் பேச்சு நிலைக்கிற இடம் எனக்கு வேறு எங்கும் இல்லாததால் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். பெண் பார்க்கப் போனபோதுகூட அரை மணி நேரம்தான் யோசித்தேன். கடைசியில், கண்ட்ரோலோடு ஏ தட்டினால் வரியின் ஆரம்பத்துக்குப் போகும், கே தட்டினால் வரி முழுவதும் அழியும் என்று வைத்தேன். தெரியாமல் கைபட்டு அழிந்துவிடாதா? கண்ட்ரோல் ஒதுக்குப்புறமாக, ஏ எழுத்துக்கும் இடப்பக்கம் கிடக்கிறது, அங்கே யார் போகப்போகிறார்கள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். நான் இரண்டு ஆள்காட்டி விரல்களால் தட்டுகிறவன்.

வாணியம்பாடியிலிருந்து ஒரு பெண் தட்டச்சராக வந்து சேர்ந்தார். டைப்ரைட்டிங்கில் லோயர் முடித்து ஹையர் பாஸ். அவர் வீட்டில் மாதச் சம்பளத்துக்குப் போகும் முதல் ஆள் அவர்தான். மூன்று மாதம் தற்காலிகம். வேலை திருப்தியாக இருந்தால் நிரந்தரம். மூன்றாவது மாதத்தில் ஆங்கில எழுத்தில் அச்சாகி வந்த முதல் பட்டியலை அதிகாரி எங்கள் இருவர் முன்னாலும் விரித்தார்.

"இன்னாம்மா இது? கலசப்பாக்கத்த அலசப்பாக்கம்னு அடிச்சிருக்க. மாசம் பூரா மழ சைபராம்."

"நான் சரியாத்தான் சார் அடிச்சேன்."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். மெஷின் பொய் சொல்லாது என்று நான் கம்பீரமாகச் சொன்னேன்.

"மாசக் கடைசிக்குள்ள சரியாவலன்னா வேற ஆள் கேட்டு எழுதிடுவேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்தப் பெண் பட்டியலை மடித்துக்கொண்டு போனார்.

டீ கொண்டுவந்த பியூன் மலைக்காரர், என் வயதுதான். "கலசப்பாக்கத்துல மழையே இல்லியாமே சார்? போன மாசம் அங்க எம் மச்சான் வூட்டு சுவரு மழையில உழுந்து, மூணு நாளு நான்தான் போயி மண்ணு கொழச்சேன். எந்தத் தண்ணியில கொழச்சேன்னு மெஷினக் கேட்டுச் சொல்லுங்க."

எனக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது. பட்டியலை மறுபடி வாங்கிப் பார்த்தேன். போளூர் மழை சரி, வேலூர் மழை சரி. கண்ணமங்கலத்துக்கும் முதல் எழுத்து இல்லை, மழையும் இல்லை. அமிர்தியில் கதை வேறு: 'மிர்தி' என்று ஆரம்பித்து, முன்னால் வர வேண்டிய மழை அளவு பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்து பார்த்துப் பெய்கிற மழையை நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் பெண் தட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து விரலும் ஓடின. கண் பதிவேட்டை விட்டு நகரவில்லை. மழை அளவைத் தட்டியதும், ஊர்ப் பெயருக்கு முன்னால், இடது சுண்டுவிரல் மட்டும் ஓரமாக விலகி ஓர் அழுத்து அழுத்தியது.

"அது இன்னாத்துக்கும்மா?"

"ஷிப்ட் லாக் சார். ஊர் பேரு பெரிய எழுத்துல வரணுமே."

டைப்ரைட்டரில் ஷிப்ட் லாக் இருக்கும் அதே இடத்தில்தான் இந்த மெஷினில் கண்ட்ரோல் இருந்தது. அவர் வேகத்தில், சுண்டுவிரல் எழும் முன்பே ஊரின் முதல் எழுத்து விழுந்துவிடும். கலசப்பாக்கத்தின் கே விழுந்ததும் அதுவரை தட்டிய மழை அழிந்து, மிச்ச எழுத்துகள் காலி வரியில் வந்து உட்காரும். அமிர்தியின் ஏ அவரை வரியின் ஆரம்பத்துக்குக் கூட்டிப்போய்விடும். நான் வேலை எதுவும் ஒதுக்காத மற்ற எழுத்துகளை ஷெல் அப்படியே போட்டுவிடும், அதனால் போளூரும் வேலூரும் தப்பித்தன. அந்தத் திரையில் எல்லாமே பெரிய எழுத்தாகத்தான் தெரியும் என்பதால், ஓரக்கண்ணால் பார்த்தாலும் சந்தேகம் வராது. எண் இல்லாத வரியைச் சைபர் என்று எடுத்துக்கொள்ளும்படி ஷெல்லுக்குச் சொல்லிவைத்த பெருந்தன்மையும் என்னுடையதே.

விஷயத்தைச் சொன்னேன். சொன்ன கையோடு, "இனிமே அந்தப் பக்கம் விரல் போவாம பாத்துக்கம்மா" என்றும் சொல்லிவைத்தேன்.

"மூணு வருஷம் பழக்கின விரலு சார். நீங்க எத்தினி நாளு யோசிச்சு வச்சீங்க?"

"ரெண்டு வாரம்."

"அப்ப நீங்களே மாத்திடுங்க."

ஊர்ப் பட்டியலை எடுத்துவைத்து, எந்த ஊரும் ஆரம்பிக்காத எழுத்தாகத் தேடினோம். நான் இசட் என்றேன். அவர் தலையசைத்தார். "எக்ஸ் வைங்க சார். டைப்ரைட்டர்ல தப்பு வந்தா, மேலயே எக்ஸ் எக்ஸ்னு அடிச்சுத்தான அழிப்போம்." என் இரண்டு வாரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. வரி ஆரம்பத்துக்கு க்யூ என்று வைத்தோம். அதற்குக் காரணம் ஒன்றும் இல்லை, காலியாக இருந்தது.

பிறகு, தவறு தட்டச்சருடையது அல்ல, விசைகளைத் தீர்மானித்த என்னுடையது என்று ஒரு பக்கம் எழுதி அதிகாரியிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

"இத ஃபைல்ல வச்சா உங்க பேர்ல நிக்கும், தெரியுமில்ல?"

"நிக்கட்டும் சார்."

கலசப்பாக்கத்து மழையை அந்தப் பெண் முதலிலிருந்து தட்டி முடித்தார். பியூன் வந்து, சுவர் விழுந்த நாளின் அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு திருப்தியாகப் போனார். மாதக் கடைசியில் நிரந்தர உத்தரவு வந்தது. அதை வாங்கி மடித்து ஹேண்ட்பேகில் வைத்துக்கொண்டே அந்தப் பெண் சொன்னார்: "சார், அடுத்தது எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவ டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்ட்டு வாங்க."

போனேன். கண்ணமங்கலத்தில், ஆறு மாதம், ஞாயிறுதோறும். லோயர் தேறவில்லை. கண் தாளில் நிற்காமல், பக்கத்து நாற்காலிக்காரர்களின் சுண்டுவிரல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தது.