தூண்டில் நூல் கீறிய விரல்

நேற்றுத் தூண்டில் ரீலோடு கடலுக்குப் போன மகன், பாரை மீன் இழுத்த இழுப்பில் நைலோன் நூல் வெட்டி, விரலில் தையலோடு திரும்பினான். அந்த விரலைப் பார்க்கப் பார்க்க, வெள்ளைக்காரன் காலத்தில் ஓலைத்தொடுவாய்க் கடற்கரையில் இருந்த எங்கள் வீடுதான் நினைவில் வருகிறது.

உப்புத்தண்ணீரில் இற்றுப்போகாமல் இருக்க, அப்பா பருத்தித் தூண்டில் நூலைப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்து, காய்ந்தபின் மரக்கட்டையில் சுற்றுவார். வீடெல்லாம் துவர்ப்பு வாசம் நிற்கும். தோணியில் அண்ணனைத்தான் கூட்டிப்போவார், மகளான என்னையல்ல. மாலையில், நூல் கீறிய அவன் சுட்டுவிரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அந்த நூலைக் கட்டில் காலில் கட்டி, விரல் சிவக்கும்வரை இழுத்துவிட்டு, அப்பாவிடம் நீட்டினேன்.

"இது எந்த மீன் கீறினது, பிள்ளை?"

"கட்டில்கால் மீன், அப்பா!" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்பாவும் சிரித்தபடி எண்ணெய் தடவினார். ஆனால் மறுநாளும் தோணியில் அண்ணன்தான் ஏறினான். என்னையும் கூட்டிப்போங்கள் என்று நான் கேட்கவேயில்லை.

இன்று காலை மகள் வந்து நின்றாள். "அம்மா, அண்ணாவுக்குக் காயம் ஆறுமட்டும் ரீல் எனக்கு. நாளைக்கு நான் கடலுக்குப் போறன்."

எனக்குப் பயமாக இருந்தது. அதையும் மீறி, இவ்வளவு இலகுவாகக் கேட்டுவிட்டாளே என்று என் மகள்மீதே பொறாமை வந்தது.