பிளைண்ட்

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் தீபாவளி வாரம் முழுக்க மத்தியானத்தில் மூணு சீட்டு ஓடும். காசுக்குப் பதில் சட்டைப் பொத்தான்கள். எங்கள் ஆபீஸ் வாட்ச்மேனும் வருவார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். உடைந்த மூக்கு ஒரு பக்கமாகக் கோணியிருக்கும்.

முன்னால் பொத்தான் குவிந்துவிட்டால் அவர் தன் சீட்டை எடுத்தே பார்க்க மாட்டார். "பிளைண்ட்" என்று கைநிறைய அள்ளித் தள்ளுவார். சீட்டைப் பார்த்துவிட்டு ஆடுகிறவன் அதைப்போல் இரண்டு மடங்கு வைக்க வேண்டும். என்னிடம் இருப்பதே கொஞ்சம்; நல்ல சீட்டையும் பயந்து கவிழ்த்துவிடுவேன்.

ஒருநாள் எங்கள் செக்‌ஷன் டைப்பிஸ்ட் பொறுக்க முடியாமல் அவர் சீட்டைப் பிடுங்கித் திருப்பிப் போட்டான். இரண்டு, ஐந்து, ஒன்பது. வெறும் குப்பை. ஹவில்தார் தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவன் முகத்தில் அடித்தார். புருவம் கிழிந்து ரத்தம் பொத்தான்கள் மேல் கொட்டியது. மறுபடி ஓங்கிய கையில் நான்கு பேர் தொங்கினோம்.

"குப்பைச் சீட்டுக்கா இந்த அடி?" என்று கத்தினேன்.

"குப்பைன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? பார்த்தா நானும் உங்களை மாதிரி கவிழ்த்துடுவேன். பார்க்க வெச்சுட்டானே, பாவி!"

அடுத்த தீபாவளிக்குக் குவியல் டைப்பிஸ்ட் பக்கம். புருவத்தில் தையல் தழும்போடு, சீட்டைத் தொடாமலே "பிளைண்ட்" என்றான். ஹவில்தாரிடம் மிச்சமிருந்த பொத்தான் அந்த ஓர் ஆட்டத்துக்குத்தான் போதும். தன் சீட்டைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். கவிழ்த்துவிட்டு எழுந்து போனார்.

நான் திருப்பிப் பார்த்தேன். மூன்றும் ராஜா; மூன்று ஏஸைத் தவிர வேறெதுவும் ஜெயிக்க முடியாத சீட்டு. சொம்பை ஓங்கிய அந்தக் கையா இதைக் கீழே வைத்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.