வெர்டெல் வீசாத பாசி

கார்னிவல் ஊர்வலத்தில் வண்டிமேல் நிற்பவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு மானப் பிரச்சினைதான் உண்டு. கூட்டத்துக்கு வீசுகிற பாசிமாலை தீர்ந்து கை காலியாகக் கூடாது. முகமூடி நழுவலாம், பேண்டு வாத்தியம் சுருதி தப்பலாம், வண்டியை இழுக்கிற டிராக்டர் நடுவழியில் நின்று மூச்சு வாங்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தெருவோரம் நின்று இரண்டு கையையும் தூக்கி "எனக்கு ஒண்ணு போடு!" என்று கத்துகிறவனிடம் வெறுங்கையை விரித்துக் காட்டுகிறவளை நியூ ஆர்லியன்ஸ் மன்னிக்காது. அடுத்த கார்னிவல் வரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

வெர்டெல் பிக்கூ இதையெல்லாம் தாய்ப்பாலோடு குடித்தவள். ஊர்வலம் பார்க்கத் தெருவோரம் நிறுத்திய மரஏணியின் உச்சியில் அவள் அப்பா பலகை அடித்துக் கொடுத்த இருக்கையில் உட்கார்ந்து, கழுத்து நிமிராத அளவுக்குப் பாசிமாலை பிடித்துத்தான் வளர்ந்தாள். பிடித்ததெல்லாம் கார்னிவல் முடிந்து சாம்பல் புதன் வந்தால் பரணுக்குப் போகும். அப்புறம் அதை ஒரு நாதியும் திரும்பிப் பார்க்காது. அவள் பிறந்த வீட்டில் ஒருமுறை பாசியின் பாரம் தாங்காமல் கூரைப்பலகை விரிசல் விட்டது. அப்போதும் அவள் அம்மா பலகையைத்தான் மாற்றினாளே தவிர, பாசியைத் தூக்கிப் போடவில்லை.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. எழுதிவைத்த சட்டமில்லை, ஆனால் எழுதின சட்டத்தைவிட ஒழுங்காக நடக்கிறது. கையில் பிடித்தால் பொக்கிஷம், தரையில் விழுந்தால் குப்பை. விழுந்ததை யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள். அந்தரத்தில் வரும் ஒரு சரத்துக்காக அடித்துக்கொள்கிற அதே ஆட்கள், காலடியில் கிடக்கும் நூறு சரத்தை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

வளர்ந்து மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டப் போனாள் வெர்டெல். கல்யாணம் ஆயிற்று, கணவர் போய்ச் சேர்ந்தார், ஆனால் நாத்தனார் ஆர்லெட் மட்டும் விடவில்லை. "அண்ணி, வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்காதீங்க" என்று இழுத்துப் போய், கார்னிவலுக்கு வண்டி கட்டி ஊர்வலம் விடுகிற மிமோசா மாதர் குழுவில் சேர்த்துவிட்டாள். ஒன்பதாவது வண்டிக்கு ஆர்லெட்தான் தலைவி. அந்த வண்டியின் கீழ்த்தட்டில், தெருவோரப் பக்கமாக நிற்பது வெர்டெலுடைய இடம். வருடத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் பிள்ளைகளின் கூச்சலைப் பொறுத்துக்கொண்டாள் என்றால் மிகையில்லை.

பெருமை யாரை விட்டது? ஒரு வருடம் தனக்கென்றே பாசி செய்யச் சொன்னாள். ஒவ்வொரு சரத்திலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் பேருந்து, அதன் நெற்றியில் 'வெர்டெல்' என்று பேர். மூட்டை மூட்டையாக வீசினாள். அன்றைக்கு அவளைப் பார்க்க வேண்டுமே, ராணி தோற்றாள்.

அதே வருடம் ஆகஸ்டில் பேய்மழை அடித்தது. வெர்டெல் குடியிருக்கும் எங்கள் தெருவில் தண்ணீர் வடியவில்லை. வீட்டுப்படி ஏறி, வாசல் ஏறி, கூடத்துக்குள் வந்தது. முனை வீட்டு ஒக்டாவ் ஜெர்மேன், மனைவியை இழந்த மனிதர், முழங்கால் தண்ணீரில் நின்று மண்வாரியால் வடிகால் வாயைக் கிளறினார். சேற்றோடு கார்னிவல் பாசிதான் வந்தது. கொத்துக் கொத்தாக, அழுகாமல், மங்காமல் வந்தது. உதவிக்கு ஓடிய வெர்டெல் அந்தக் கொத்தைப் பிரித்துப் பார்த்தாள். மஞ்சள் பேருந்து பளபளவென்று சிரித்தது. ஒன்றல்ல, கைநிறைய.

ஒக்டாவ் அதில் எழுதியிருந்ததை வாசித்தார். அந்த நேரத்தில் அவர் வீட்டுக்குள் அவர் மனைவியின் பியானோ தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் வடிந்ததும் அதன் கட்டைகள் ஒவ்வொன்றாக உப்பி வாய் பிளந்தன. திட்டியிருந்தால்கூட வெர்டெலுக்கு ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை. ஒரு மஞ்சள் பேருந்தைக் கழுவி, தன் கேட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டினார்.

பேருந்துப் பாசியைக் கண்ட அன்றே, தண்ணீரில் நின்றபடியே வெர்டெல் சொல்லியிருந்தாள்: "இனிமே என் கையிலேர்ந்து ஒரு பாசி கீழ விழாது, மிஸ்டர் ஒக்டாவ். இது சத்தியம்."

"சொல்றவங்க எல்லாரும் சொல்லுவாங்க" என்றார் அவர். "கார்னிவலுக்கு இதே வடிகால் மேல வந்து நிக்கிறேன். நீ என்ன வீசுறேன்னு பாத்துடலாம்."

அன்றிலிருந்து அவர் அவளுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவனுக்குக்கூட குட் மார்னிங் சொல்லாமல் தாண்டிப் போவது மரியாதையில்லை. பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தும் பாராமல் போவதென்றால் அது முகத்தில் அடித்தது மாதிரிதான். வெர்டெல் விடாமல் தினமும் சொன்னாள். கேட் சாத்திக்கொள்ளும் சத்தம்தான் பதிலாக வந்தது.

என்ன வீசுவது? இலையுதிர்காலம் முழுக்க அதே யோசனை. வாங்கினவன் வீட்டில் பயன்பட வேண்டும், வடிகாலுக்குப் போகக் கூடாது. கடைசியில் அவளுக்குத் தோன்றியது ராஜ்மா. திங்கட்கிழமையென்றால் எங்கள் ஊரில் எந்த அடுப்பிலும் ராஜ்மாதான் கொதிக்கும், பக்கத்தில் சோறு வெந்துகொண்டிருக்கும். மிமோசா ஊர்வலமும் கார்னிவலின் கடைசி நாளுக்கு முந்தின நாள், திங்கட்கிழமை. பழைய திரைச்சீலைகளைக் கிழித்துச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்தாள். பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரமெல்லாம் பேருந்துக்குள்ளேயே ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் தெரிந்து ஆர்லெட் வந்து நின்றாள். "அண்ணி, உங்களுக்கு என்ன ஆச்சு? நாம என்ன மளிகைக் கடையா நடத்துறோம்?"

"சாப்பிடுறதுதானே குடுக்கிறேன். வெசமா குடுக்கிறேன்?"

"ஜனங்க மினுக்குறதைக் கேக்குது, நீங்க பருப்பை நீட்டுறீங்க. என் வண்டியைப் பாத்து ஊளையிட்டா நான் எங்க போய் மூஞ்சிய வெச்சுக்குவேன்? இதுல ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா அடுத்த வருஷம் உங்க எடம் இல்ல. அண்ணின்னு பாக்க மாட்டேன்."

"பாக்க வேணாம்" என்றாள் வெர்டெல், நூலைப் பல்லால் கடித்தபடி.

ஊர்வலத்துக்கு முந்தின ஞாயிறன்று கொட்டகையில் வண்டிகளுக்குச் சாமான் ஏற்றினார்கள். மற்றவர்கள் கொக்கிகளில் பாசியைத் தோரணமாகத் தொங்கவிட, வெர்டெல் தன் பைகளைக் காலடியில் அடுக்கி மூடினாள். இரவு மழை பெய்தது. கொட்டகைக் கூரையில் ஓட்டை எங்கே இருக்கிறதென்று மழைக்குத் தெரியாதா? சரியாக அவள் மூட்டைகளின் மேலேயே ஒழுகியிருக்கிறது.

திங்கள் மத்தியானம் வந்து மூடியைத் திறந்தாள். ராஜ்மா ஊறி உப்பிப் போயிருந்தது. பாதிக்கு மேல் பைகள் தையல் விட்டுப் பிளந்து கிடந்தன. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பியானோ உப்பி வாய் பிளந்ததுதான் நினைவுக்கு வந்தது.

ஆர்லெட்டுக்கே மனசு கேட்கவில்லை. தன் பாசியில் பாதியை அள்ளிக்கொண்டு வந்தாள். "போனது போச்சு, அண்ணி. இதை வெச்சுக்குங்க. வெறுங்கையோட நிக்காதீங்க. அந்தக் கெழவரு ஒரு சரத்தைப் பாத்துட்டா என்ன, தலையையா வாங்கிடுவாரு?"

வெர்டெல் பாசியைப் பார்த்தாள். ஒரு சரம் எடுத்தால் போதும், இந்த நாள் பிழைத்துவிடும். ஒருத்தர் இரண்டு பேரில்லை, ஊரே அதைத்தான் வீசப் போகிறது.

"ஆர்லெட், உன்கிட்ட டம்ளர் இருக்கா?"

குழுவின் பேர் போட்ட பிளாஸ்டிக் டம்ளர்களை எல்லோரும் வீசுவதுண்டு. ஊர்வலத்தில் பிடித்ததில் சமையலறை வரை போய்ச் சேர்வது அது ஒன்றுதான். எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் குடிக்கிற டம்ளர் கார்னிவல் டம்ளராகத்தான் இருக்கும். வெர்டெல் வண்டி வண்டியாக ஏறி இறங்கிக் கேட்டாள். கெஞ்சினாள், கிண்டலை வாங்கிக்கொண்டாள், டம்ளரையும் வாங்கினாள். கொட்டகைக் குழாயில் ராஜ்மாவை அலசி டம்ளர் டம்ளராக நிரப்பினாள். பிளக்காமல் தப்பித்த பைகளைத் தனியே வைத்தாள்.

நிறைந்த டம்ளரை வீச முடியாது. எட்டிக் கையில்தான் கொடுக்க முடியும். வண்டி நகர்ந்ததுமே வினை ஆரம்பித்தது. மேல்தட்டிலிருந்து பாசி மழையாகப் பெய்தது. கீழே வெர்டெல் ஒவ்வொரு டம்ளராக நீட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, கார்னிவலா, கஞ்சித் தொட்டியா?" என்றான் ஒருத்தன். கூட்டம் ஊளையிட்டது. மேலேயிருந்து ஆர்லெட் தலையில் அடித்துக்கொண்டாள்.

வெர்டெல் முகமூடிக்குள்ளிருந்தே அடிவயிற்றுக் குரல் எடுத்தாள். கடைசி சீட்டில் சண்டை போடும் பிள்ளைகளை உட்காரவைக்கிற குரல் அது. "இன்னிக்கு என்ன கெழமை?"

"திங்கள்!" என்றது கூட்டம், பழக்கதோஷத்தில்.

"உங்க வீட்டுல ராஜ்மா ஊறப்போட்டாச்சா? காலையிலேர்ந்து தெருவுல நிக்கிறீங்க, எப்படிப் போட்டிருப்பீங்க? நான் போட்டிருக்கேன்! கொண்டுபோய் அலசி அடுப்புல ஏத்து, கண்ணு, ராத்திரிச் சோத்துக்கு வெந்துடும்!"

பிறகு கழுத்து நிறையப் பாசி போட்ட பருத்த பெண் ஒருத்தி சிரித்தாள் பாருங்கள், அடுத்த வண்டிவரை கேட்டிருக்கும். "அய்யோ, சத்தியமா மறந்தே போயிட்டேன்! எனக்குக் குடு, மிஸ்!" என்று கையை நீட்டினாள். அதன் பிறகு நீட்டாத கையில்லை. டிராக்டர் நின்ற இடத்திலெல்லாம் வெர்டெலின் முன்னால்தான் நெரிசல். வாங்கினவர்கள் டம்ளரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேலேயிருந்து வந்த பாசியைப் பிடிக்கக் கை இல்லாமல் நின்றார்கள்.

எங்கள் தெருமுனை வந்தபோது டம்ளரும் மற்ற பைகளும் தீர்ந்திருந்தன. ஒரே ஒரு பை இருந்தது. வேண்டுமென்றேதான் வைத்திருந்தாள்.

ஒக்டாவ் சொன்ன இடத்தில், வடிகால் கம்பியின் ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஊரே கையைத் தூக்கி நிற்கையில் அவர் ஒருவர் தூக்கவில்லை. வண்டியும் நிற்கவில்லை, ஊர்ந்துகொண்டே இருந்தது.

"மிஸ்டர் ஒக்டாவ்! பிடிங்க!"

எறிந்தாள். அவர் கையைப் பிரிப்பதற்குள் பை அவர் மார்பில் பட்டு, கீழே விழுந்து, தையல் பிளந்தது. ராஜ்மா வடிகால் கம்பியின் மேலேயே சிதறியது. இரண்டு மூன்று உள்ளே உருண்டு போனதை அவள் கண்ணால் பார்த்தாள்.

சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒக்டாவ் தலையைக் குனிந்து வடிகாலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றுமில்லை. அதுதான் வெர்டெலுக்குத் தாங்கவில்லை.

ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கினவளுக்குக் குழுவில் இடமில்லை. அது எல்லா ஊர்வலத்துக்கும் பொதுவான விதி. விழாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த வாரை அவள் அவிழ்ப்பதை மேலேயிருந்து ஆர்லெட் பார்த்துவிட்டாள்.

"அண்ணி! எறங்குனீங்கன்னா அவ்வளவுதான்! திரும்ப ஏற முடியாது! அண்ணீ!"

"தெரியும்டி" என்றாள் வெர்டெல். இறங்கிவிட்டாள்.

முகமூடியும் இறகுக் கிரீடமும் பட்டுச் சட்டையுமாக ஊர் நடுவில் மண்டி போட்டு, வடிகால் கம்பியிலிருந்து ராஜ்மாவை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். கம்பி இடுக்கில் சிக்கியதை விரலால் நெம்பினாள். தலைக்கு மேலே பாசி பறந்துகொண்டிருந்தது. ஒன்பதாவது வண்டி அவளில்லாமல் திருப்பத்தைத் தாண்டிப் போயிற்று. அவள் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள் என்று அவளுக்கே தெரியும்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் முழங்கால் சொடுக்கும் சத்தம் கேட்டது. ஒக்டாவும் மண்டி போட்டிருந்தார். தரையில் விழுந்ததைத் தொடாத ஊரில், தொப்பியைக் கழற்றித் தரையில் மல்லாத்தி வைத்து, ராஜ்மாவைப் பொறுக்கி அதில் போட்டார். கையில் பட்ட பாசிகளையும் வழித்துப் போட்டார். கம்பி சுத்தமாகும்வரை பொறுக்கினார்கள்.

"வண்டி போயிடுச்சே" என்றார் கடைசியில்.

"போகட்டும்."

"எடமும் போயிடுச்சுல்ல?"

"ஆமா."

அவர் தொப்பிக்குள் விரலை விட்டு ஒரு ராஜ்மாவை எடுத்து நசுக்கிப் பார்த்தார். நன்றாக ஊறியிருந்தது. பிறகு அவள் முகமூடியை நேருக்கு நேராகப் பார்த்தார்.

"குட் ஈவினிங், மிஸ் வெர்டெல்" என்றார்.